வாரத்துக்கு மூன்று தடவை கக்கிய எங்கள் மீனாவும் பாலக்காட்டுக் கிளினிக்கும்

பூனை அடிக்கடி கக்குகிறது, எங்கே காட்டலாம் என்று இந்தப் பக்கம் யார் கேட்டாலும் நான் இந்தக் கிளினிக்கைத்தான் சொல்வேன். ஏன் என்பதை ஒரு வரியில் சொல்லி முடிக்க முடியாது. அதனால் நீளமாகவே எழுதுகிறேன். விடியற்காலையில் பூனை வயிற்றை எக்கும் சத்தம் கேட்டுத் திடுக்கென்று எழுந்து உட்காருகிறவர்களுக்கு இந்த நீளம் தேவைப்படும்.

நாங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கேரளாதான், ஆனால் வீட்டிலும் சந்தையிலும் பேசுவது தமிழ். உடம்புக்கு முடியவில்லை என்றால் சிலர் பாலக்காட்டுக்குப் பஸ் ஏறுவார்கள், சிலர் பொள்ளாச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ போவார்கள். ஆடு மாட்டுக்கு மிருகாசுபத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. பூனைக்கு என்று வரும்போதுதான் எங்கே போவது என்று தெரியாமல் நிற்போம். என் வேலை தையல், வீட்டு முன்னறையிலேயே இரண்டு மெஷின் போட்டிருக்கிறேன். மீனா 4 வருஷத்துக்கு முன்னால் மீனாட்சிபுரம் செக்போஸ்ட் பக்கம் மழையில் நனைந்து கிடந்த குட்டி. அதனால் மீனாட்சி என்று பெயர் வைத்தோம், கூப்பிடுவது மீனா. நான் தைக்கும்போது வெட்டின துணிக் குவியலில்தான் படுத்திருப்பாள்.

வைகாசியில் ஆரம்பித்தது. முதலில் வாரம் ஒரு தடவை, அப்புறம் இரண்டு, ஆனி முடியும்போது மூன்று. "பூனைன்னா கக்கத்தான் செய்யும், புல்லைத் தின்னுட்டு கக்கிட்டா சரியாயிடும்" என்று அம்மா சொன்னார், அக்கம்பக்கத்திலும் அதையே சொன்னார்கள், நானும் அதை நம்பி ஒரு மாதம் விட்டுவிட்டேன். இது தப்பு என்று இப்போது தெரிகிறது. மாதத்துக்கு ஒரு தடவை முடி உருண்டையாகக் கக்குவது வேறு. வாராவாரம் கக்குவதும், கூடவே உடம்பு இளைப்பதும் வேறு. முதுகைத் தடவினால் எலும்பு கையில் தட்டுப்பட்ட அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

முதலில் காட்டிய இடம் வேறு ஊர், பெயர் வேண்டாம். 4 தடவை போனோம். ஒரு தடவைகூட மீனாவை எடை பார்க்கவில்லை. கூடையைத் திறந்ததும் ஒரு ஊசி, "ஹேர்பால்தான், பயப்படாதீங்க" என்று ஒரு வார்த்தை, கையில் ஒரு டியூப் பேஸ்ட், 450 ரூபாய். ஊசி போட்டால் இரண்டு நாள் நிற்கும், மூன்றாம் நாள் காலையில் மறுபடியும் பாயில் மஞ்சள் நுரை. நாலாவது தடவை, "என்னதான் காரணம் சார்?" என்று கேட்டதற்கு, சாப்பாட்டை மாற்றுங்கள் என்று ஒரு விலை உயர்ந்த பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார்கள். என்ன சாப்பிடுகிறாள், எப்போது கக்குகிறாள், கக்கியதில் என்ன இருந்தது, இது எதையுமே கேட்கவில்லை. அது இன்னும் எனக்கு ஆறவில்லை.

அந்தப் பேஸ்ட்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், நிறையப் பேர் வாங்குகிறார்கள். மால்ட் வாசனை அடிக்கும் பழுப்புப் பசை. விரலில் ஒரு அங்குலம் பிதுக்கினால் மீனா நக்கித் தீர்த்துவிடுவாள். வயிற்றில் சேர்ந்த முடி வழுக்கிக்கொண்டு மலத்தோடு போக அது உதவும். முடி கக்குவது குறைந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் முடி இல்லாத வாந்திக்கு அந்த டியூப் ஒன்றும் செய்யாது. மூன்று டியூப் தீர்ந்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

பாலக்காட்டுக் கிளினிக்கை எனக்குச் சொன்னவர் பக்கத்து வீட்டு அக்கா. ஆடிக் கடைசியில், இங்கே கர்க்கடக மழை என்பார்கள், அப்படியொரு மழை நாளில் தம்பி பைக்கில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஒரு வீட்டின் முன்பாகத்தையே கிளினிக்காக வைத்திருக்கிறார்கள், சின்ன இடம். உள்ளே நுழைந்ததும் அங்கே வேலை செய்யும் சேச்சி செய்த முதல் காரியம், கூடையை என் கையிலிருந்து வாங்கி நாய்கள் உட்காரும் வராண்டாவுக்கு மறுபக்கம் இருந்த மேஜைமேல் வைத்து, ஒரு துண்டைப் போட்டு மூடியதுதான். தரையில் வைக்கக் கூடாதாம், உயரத்தில் இருட்டாக இருந்தால் பூனை அடங்கி இருக்குமாம். பைக்கில் வரும்போது அரற்றிக்கொண்டே வந்தவள் ஐந்து நிமிஷத்தில் அமைதியாகிவிட்டாள்.

டாக்டர் மலையாளி. எங்கள் தமிழ் அவருக்குப் புரியும், அவர் மலையாளம் நமக்குப் புரியும். ஊசியை எடுக்கவே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சர்த்திக்குகயாணோ, அதோ திகட்டி வருகயாணோ?" என்று கேட்டார். தமிழில் திகட்டுவது என்றால் இனிப்பு தெவிட்டுவது, அதனால் ஒரு நிமிஷம் முழித்தேன். அவர் கையாலேயே காட்டினார்: வயிற்றை எக்கி எக்கிக் கக்குவது ஒன்று, எந்தச் சிரமமும் இல்லாமல் தின்றது அப்படியே தொண்டை வழியாக வெளியே வந்து விழுவது இன்னொன்று. அட, நாம் எதுக்களிப்பு என்று சொல்வதுதான்! இந்த இரண்டும் ஒன்றில்லை என்றார். எதுக்களிப்பு உணவுக்குழாயில் இருக்கும் கோளாறு, தின்றது செரிக்காமல் குழாய் மாதிரி நீளமாகவே வந்து விழும். வாந்தி வயிற்றிலோ குடலிலோ, அல்லது அதற்கும் அப்பால் சிறுநீரகம், ஈரல் என்று எங்கோ இருக்கும் கோளாறு. வருவதற்கு முன்னால் பூனை நாக்கைச் சுழற்றி உதட்டை நக்கும், எச்சில் ஊறும், இடம் மாறி மாறி உட்காரும், அப்புறம்தான் வயிறு எக்கும். மூன்றாவதாகவும் ஒன்று உண்டு. கழுத்தை நீட்டித் தரையோடு பதுங்கி இருமும், ஒன்றும் வெளியே வராது. அதையும் ஜனங்கள் முடி கக்கப் பார்க்கிறது என்று நினைத்துவிடுவார்கள், ஆனால் அது ஆஸ்துமாவாக இருக்கலாம். வீடியோ இருக்கிறதா என்று கேட்டார். தம்பி போனில் ஒன்று எடுத்து வைத்திருந்தான். அதை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார்.

மூன்று மாதத்தில் இதுதான் முதல் தடவை ஒருத்தர் என் பூனை கக்குவதைப் பார்த்தது. அங்கேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்தது கேள்விகள். எனக்கு நேரம் பார்க்கத் தோன்றவில்லை, ஆனால் அரை மணி நேரமாவது இருக்கும். சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து? என்ன நிறம்? முடி இருந்ததா, புல் இருந்ததா, ரத்தம் இருந்ததா, காப்பித்தூள் மாதிரி கறுப்பாக இருந்ததா? தண்ணீர் வழக்கத்தைவிட அதிகமாகக் குடிக்கிறாளா? வீட்டில் யாராவது காய்ச்சல் மாத்திரை கொடுத்தீர்களா? இதைக் கேட்டபோது குரல் கொஞ்சம் கடுமையாகவே இருந்தது. பாரசிட்டமால் பூனைக்கு விஷம், 500 மில்லிகிராம் மாத்திரையில் ஒரு துண்டுகூட உயிரை வாங்கிவிடும், பூனையின் ஈரலால் அதை முறிக்க முடியாது என்றார். அம்மா ஒரு நாள் வீட்டில் இருந்த வாந்தி மாத்திரையில் கால்வாசியை உடைத்துக் கொடுக்கப் போனார், நான்தான் தடுத்தேன். அதைச் சொன்னதும் மனுஷ மருந்து எதுவுமே கேட்காமல் கொடுக்காதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார். தொட்டியில் லில்லிப் பூச்செடி இருக்கிறதா, நாய்க்குப் போடும் உண்ணி மருந்து எதையாவது பூனைமேல் விட்டீர்களா என்றும் கேட்டார். லில்லியின் மகரந்தத்தை நக்கினாலே பூனைக்குச் சிறுநீரகம் போய்விடுமாம்.

என் வேலை தையல் என்று தெரிந்ததும் முகம் மாறிவிட்டது. மீனாவின் தலையை ஒரு கையால் நிமிர்த்தி, வாயைத் திறந்து, இன்னொரு கையின் கட்டைவிரலைத் தாடைக்கு அடியில் வைத்து மேலே அழுத்தினார். நாக்கு அப்படியே எழும்பியது. அடிநாக்கில் நூல் சுற்றியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். நூல் ஒரு முனை நாக்கில் மாட்டிக்கொண்டு மறு முனை குடலுக்குள் போய்விட்டால், குடல் சுருக்குப்பை மாதிரி இழுபட்டு, கடைசியில் அறுத்துவிடுமாம். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைப் பார்த்தால் இழுக்கவே கூடாது, அப்படியே தூக்கிக்கொண்டு ஓடிவர வேண்டும். தையல் நூல் மட்டுமில்லை, பூக்கட்டும் நூலும் அப்படித்தான், மல்லிகைச் சரத்தைத் தலையிலிருந்து எடுத்துக் கட்டில்மேல் போடுகிற வீட்டில் பூனை இருந்தால் கவனம் வேண்டும் என்றார். அன்றைக்கு வந்ததும் நூல்கண்டு எல்லாவற்றையும் மூடி போட்ட டப்பாவுக்கு மாற்றினேன். இன்று வரைக்கும் அப்படித்தான்.

நூல் இல்லை. எடை பார்த்தார், குழந்தைகளை நிறுக்கும் தராசு மாதிரி ஒன்றில். 3.1 கிலோ. முந்தின வருஷம் தடுப்பூசி போட்டபோது அட்டையில் 3.6 என்று எழுதியிருந்தது. அரைக் கிலோதானே என்று நினைத்தேன். "60 கிலோ இருக்கும் நீங்கள் 8 கிலோ இளைத்தால் எப்படி இருக்கும், அந்தக் கணக்கு" என்றார். அப்போதுதான் விளங்கியது.

அப்புறம் மீனாவை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், காது மடலைப் புரட்டி, ஈறைத் தூக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். வெளிர் சிவப்பாக இருக்க வேண்டிய இடத்தில் இளம் மஞ்சள் ஓடியிருந்தது, சந்தனம் கலந்த பால் மாதிரி. ட்யூப்லைட்டில் தெரியவே தெரியாது. நான் தினமும் கொஞ்சும் காது அது, எனக்கே தெரியவில்லை. உடனே ஒரு கேள்வி: "பல்லியெ பிடிக்காறுண்டோ?"

எங்களுடையது ஓட்டு வீடு, சுற்றிலும் தென்னந்தோப்பு. திண்ணையில் வாரம் இரண்டு பல்லி வால் துடித்துக்கொண்டு கிடக்கும். பிடிப்பாள், தின்பாள் என்றேன். அப்படியானால் மலத்தைக் கொண்டு வாருங்கள் என்றார்.

விஷயம் இதுதான், எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். மாட்டுக்கு ஈரலில் தட்டைப்புழு வருவதை இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். பூனைக்கும் அந்தச் சாதியில் வேறொரு புழு இருக்கிறது, வெப்ப நாடுகளில் காணப்படுவது. அதன் முட்டை பூனை மலத்தில் வெளியே வரும், அதைச் சின்ன நத்தை தின்னும், நத்தையிலிருந்து ஈரக் கல்லுக்கு அடியில் இருக்கும் பூச்சிக்குப் போகும் (தொட்டால் உருண்டையாகச் சுருளுமே, அந்த மாதிரிப் பூச்சி), பூச்சியைப் பல்லி தின்னும், பல்லியைப் பூனை தின்னும். பூனைக்குள் போனதும் பித்தநாளத்தில் போய்க் குடியிருக்கும். ஒன்றிரண்டு என்றால் பூனைக்கு ஒன்றுமே தெரியாது. நிறையச் சேர்ந்துவிட்டால் பித்தம் இறங்க வழியில்லாமல் வாந்தி, பசியின்மை, இளைப்பு, காமாலை என்று ஒவ்வொன்றாக வரும். ஆங்கிலத்தில் இதற்குப் 'பல்லி விஷம்' என்றே ஒரு பெயர் உண்டாம். அம்மா சின்ன வயசிலிருந்தே "பல்லியைத் தின்னா விஷம்டி, விடாதே" என்று மீனாவை விரட்டுவார். வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா ஒன்றும் பேசாமல் மீனாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். விஷம் பல்லியில் இல்லை, அதற்குள் இருக்கும் புழுவில் இருக்கிறது, வித்தியாசம் அவ்வளவுதான்.

மாதாமாதம் இல்லாவிட்டாலும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பூச்சி மாத்திரை கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன், அப்புறம் எப்படி என்று கேட்டேன். அந்த மாத்திரையில் இருக்கும் ப்ராசிகுவான்டெல்தான் இதற்கும் மருந்து, ஆனால் நாடாப்புழுவுக்குக் கொடுக்கும் அளவு இதற்குப் போதாது, அதைவிட அதிக அளவில் தொடர்ந்து சில நாள் கொடுக்க வேண்டும் என்றார். எவ்வளவு என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. எடை பார்த்து, ஈரல் நிலைமை பார்த்து டாக்டர் சொல்ல வேண்டிய கணக்கு அது.

இந்தக் கிளினிக்கில் எனக்கு ரொம்பப் பிடித்தது, சந்தேகம் வந்ததும் மாத்திரையை நீட்டிவிடவில்லை என்பது. ரத்தம் எடுத்தார்கள். சிறுநீரகக் கணக்கு சரியாக இருந்தது, ஈரல் கணக்கு ஏறியிருந்தது. தைராய்டு பார்க்க வேண்டாமா என்று தம்பி கேட்டான், எங்கோ படித்திருக்கிறான். அது பெரும்பாலும் 10 வயசு தாண்டிய பூனைக்கு வருவது, 4 வயசுக்காரிக்கு அந்தச் செலவு இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஸ்கேனில் பித்தநாளம் விரிந்திருந்தது. மலத்தில் முதல் தடவை ஒன்றும் இல்லை. இல்லை என்று விட்டுவிடாமல், முட்டை எல்லா நாளும் வராது, சாதாரணமாகத் தடவிப் பார்த்தால் தப்பிவிடும், கரைத்து அடியில் படிய வைத்துப் பார்க்க வேண்டும், மூன்று நாள் கழித்து இன்னொன்று கொண்டு வாருங்கள் என்றார். இரண்டாவதில் இருந்தது. என்னை உள்ளே கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். முதலில் என் கண் இமை மட்டும்தான் தெரிந்தது. அப்புறம் தெளிந்தது: எள் நிறத்தில் முட்டை வடிவம், ஒரு நுனியில் குங்குமச் சிமிழுக்கு மூடி போட்டது மாதிரி ஒரு கோடு. மூன்று மாதம் என் பூனையைப் படுத்தியது இதுதான் என்று நம்பவே முடியவில்லை.

வைத்தியம். வாந்திக்கு மரோபிடன்ட் ஊசி, அது எரியுமாம், குளிரவைத்துப் போட்டால் எரிச்சல் குறையும் என்று ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் போட்டார். மீனா ஒரு தடவை சீறினாள், அவ்வளவுதான். மாத்திரைதான் பெரும்பாடு. கசப்பு நாக்கில் பட்டால் பூனை வாயில் நுரை நுரையாகத் தள்ளும். முதல் நாள் வீட்டில் அதைப் பார்த்து வலிப்பு வந்துவிட்டது என்று அம்மா அலறிவிட்டார். போன் செய்ததும் சேச்சியே எடுத்து, கசப்புதான், பயம் வேண்டாம், மாத்திரையை உடைத்துக் காலி கேப்ஸ்யூலுக்குள் போட்டுக் கொடுங்கள், கொடுத்த கையோடு ஊசியில்லாத சிரிஞ்சில் 5 மில்லி தண்ணீர் மெதுவாகக் கடைவாயில் விடுங்கள், இல்லாவிட்டால் மாத்திரை தொண்டைக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும் என்று சொல்லிக் கொடுத்தார். நடுவில் திருவோணம் வந்து கிளினிக் இரண்டு நாள் பூட்டு. அதற்கும் சேர்த்து மருந்தைத் தனித்தனிக் கவரில் தேதி எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் நான் செய்துகொண்டிருந்தது பாதி தப்பு. கக்கினால் வயிறு ஓயட்டும் என்று ஒரு நாள் முழுக்கப் பட்டினி போடுவேன், மனுஷருக்குச் செய்கிற மாதிரி. பூனைக்கு அது ஆகாது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் உடம்புக் கொழுப்பு எல்லாம் ஈரலில் போய்ப் படிந்து, அதுவே தனி வியாதியாகிவிடும், ஏற்கனவே ஈரல் நொந்த பூனைக்குக் கேட்கவே வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு தடவை கொடுங்கள், லேசாகச் சூடு பண்ணினால் வாசனை எழும்பிச் சாப்பிடும் என்றார். உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காத வெந்த கோழியைக் கையில் வைத்து ஊட்டினேன். பாலை நிறுத்தச் சொன்னார், வளர்ந்த பூனைகளில் நிறையப் பூனைக்குப் பால் செரிக்காது. மத்தி மீனும் சோறும் மட்டுமே போட்டுக்கொண்டிருந்தோம். அது முழுச் சாப்பாடு இல்லை, பூனைக்கென்று செய்த உணவும் வேண்டும், மாற்றும்போது ஒரே நாளில் மாற்றாமல் ஒரு வாரம் பத்து நாளில் கலந்து கலந்து மாற்ற வேண்டும் என்றார்.

இன்னொன்றும் இங்கேதான் தெளிந்தது. மீனா கக்கியது ஒரே மாதிரி இல்லை. டாக்டர் குறித்து வைக்கச் சொன்னதால் அடுப்படி காலண்டரில் எழுத ஆரம்பித்தேன். சாப்பிட்ட உடனே உருண்டை உருண்டையாக அப்படியே வந்தால் 'சா', விடியற்காலை மஞ்சள் நுரை என்றால் 'ம', முடி என்றால் 'மு'. இரண்டு வாரத்தில் பார்த்தால் 'சா' தனியாகவும் 'ம' தனியாகவும் நிற்கிறது. 'ம' புழுவினால். 'சா' அவள் அவசரமாக விழுங்குவதால். அதற்கு மேடு பள்ளம் வைத்த பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்று வாங்கினேன், 300 ரூபாய்க்கு மேல், மீனா அதைக் கவிழ்த்துவிட்டுத் தரையிலிருந்து தின்றாள், கழுவுவதும் கஷ்டம். கடைசியில் அம்மாவின் பழைய குழிப்பணியாரச் சட்டி, இங்கே உண்ணியப்பம் சுடுவார்களே அதேதான், அதில் பூனை உணவைக் குழிக்கு நாலைந்து மணியாகப் போட்டு வைத்தேன். கனமான இரும்பு, நகராது, கவிழாது. ஒவ்வொரு குழியாக நக்கி எடுக்கப் பத்து நிமிஷம் ஆகிறது. 'சா' அடுத்த வாரமே நின்றுவிட்டது. கிளினிக்கில் சொன்னேன், டாக்டர் போட்டோ அனுப்பச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கூட்டம். முன்கூட்டிப் போன் செய்துவிட்டுப் போனாலும் ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும், ஏனென்றால் எல்லாரிடமும் இதே மாதிரிதான் உட்கார்ந்து கேட்கிறார். ஸ்கேன் வாரத்தில் இரண்டு நாள் மட்டும். ரத்தம் வெளி லேபுக்குப் போய் மறுநாள்தான் முடிவு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை இல்லை. மருந்துச் சீட்டு மலையாளத்தில் இருக்கும். மலையாளம் படிக்கத் தெரியாதவர்கள் அங்கேயே கேட்டுத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள், கேட்டால் பொறுமையாகச் சொல்கிறார்கள்.

செலவு: முதல் பார்வை 300, மறுபடி இரண்டு தடவை 200 வீதம், ரத்தம் 1,400, ஸ்கேன் 1,000, மலம் இரண்டு தடவைக்கு 300, மருந்து 600. மொத்தம் 4,000 ரூபாய். தையல்காரிக்குச் சின்னத் தொகை இல்லை, இரண்டு தவணையாகத்தான் கொடுத்தேன், முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டார்கள். முதல் இடத்தில் காரணம் தெரியாமலே 1,800 போயிருந்தது.

எனக்கு இந்த இடத்தைச் சொன்ன அக்காவின் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஆண் பூனை வைத்திருக்கிறவர்களுக்காக. அவர் வீட்டுக் கடுவன் ஒரு நாள் இரண்டு தடவை கக்கியது, மண்தொட்டிக்குப் போய்ப் போய் முக்கியது. மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுக்க இருந்தார். போனில் கேட்டபோது, சொட்டாவது மூத்திரம் போகிறதா பாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். போகவில்லை. கிளினிக் பூட்டும் நேரம், இருந்தாலும் உடனே கொண்டு வரச் சொல்லி, அடைப்பை எடுத்து டியூப் வைத்தார். ஆண் பூனைக்கு மூத்திரம் அடைத்துக்கொண்டு வாந்தியும் வந்தால் காலையில் பார்க்கலாம் என்று வைக்கக் கூடாது, ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். அதே மாதிரி தடுப்பூசி போடாத குட்டி விடாமல் கக்கினாலும், ரத்தம் வந்தாலும், குடித்த தண்ணீர்கூட நிற்காமல் போனாலும் எந்த டாக்டர் கிடைக்கிறாரோ அவரிடம் ஓடுங்கள், நல்ல இடம் தேடிக்கொண்டு இருக்க வேண்டாம்.

முதல் தடவை போகிறவர்கள் கையில் வீடியோ, பழைய தடுப்பூசி அட்டை, அன்றைக்குப் போன மலம் ஒரு மூடி போட்ட டப்பாவில், இவ்வளவும் கொண்டு போனால் ஒரு நடை மிச்சம். கக்கியதைத் துடைப்பதற்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அருவருப்பாகத்தான் இருக்கும், ஆனால் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

மருந்து முடிந்து ஒரு வாரத்தில் சேச்சி தானாகவே போன் செய்து "மீனா இப்போ எங்ஙனெ உண்டு?" என்று கேட்டார். இத்தனை பூனைகளுக்கு நடுவில் பெயர் ஞாபகம் வைத்திருந்தார். பல்லி பிடிப்பதை முழுக்க நிறுத்த முடியவில்லை, ஓட்டு வீட்டில் அது நடக்காது. சாயங்காலம் விளக்கு வைத்ததும் உள்ளே அடைத்துவிடுகிறேன், அந்த நேரத்தில்தான் பல்லி நிறைய வரும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மலம் பார்க்கச் சொல்லியிருக்கிறார், அடுத்தது கார்த்திகையில், காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். போன வாரம் எடை 3.5 கிலோ. காது உட்புறம் பழையபடி ரோஜா நிறம், தினமும் ஜன்னலுக்குக் கொண்டு போய்ப் பார்க்கிறேன். இந்த மாதத்துக் காலண்டர் தாளில் ஒரே ஒரு 'மு' மட்டும் இருக்கிறது.